சாமுவேல் அண்ணன் எழுந்து நின்றபோது நான் வாசித்தது

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன வாசிப்பது, காணிக்கை எடுக்கும்போது என்ன, கலியாணப் பொம்பிளை வரச் சுணங்கினால் என்ன என்றெல்லாம் கேட்டு, தேவாலயங்களில் புதிதாக வாசிக்க வந்திருக்கும் நீங்கள் ஒரு பட்டியல் தரும்படி எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் என்னிடம் இல்லை. கல்முனையில் ஒரே தேவாலயத்தில் முப்பத்தொரு வருடம் ஓர்கன் வாசித்தேன். அந்த இடைவெளிகளில் வாசித்ததில் ஒரு வரியைக்கூட நான் கொப்பியில் எழுதியதில்லை. சபை கடைசியாகப் பாடிய வரியைப் பிடித்துக்கொள்வேன். அதையே திருப்பி, மெதுவாக்கி, கீழே இறக்கி, வேறொரு வரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கை போன வழியில் போவேன். அடுத்த ஞாயிறு அதையே வாசி என்றால் எனக்கு வராது.

எப்படி வாசிப்பது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகவே கற்றுக்கொள்வீர்கள். உங்கள் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பின்னால் ஒரு படையே வாசிக்கிறது. எங்களுடையது காலால் மிதிக்கும் பழைய ஓர்கன். மிதித்தால் துருத்தி காற்றை ஊதும், காற்று வந்தால் சத்தம் வரும், கால் நின்றால் எல்லாம் நிற்கும். ஆகவே விரலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். வேலையில் இருந்த காலத்தில் சம்பந்தப்பட்ட இரண்டொருவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

முதலில் என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். ஒரு கலியாணம். பொம்பிளை வீடு பெரியநீலாவணை. வழியில் வாகனம் பழுதாகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்கிறார், கோவில் நிறையச் சனம். போதகர் ஐயா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தொடங்கினேன். பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம் மட்டும் கையை எடுத்தேன். அது எங்கள் ஊர்ப் பழக்கம், யாரும் சொல்லித் தந்ததில்லை. பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். முக்கால் மணித்தியாலம் வாசித்தேன். பொம்பிளை வந்து இறங்கும்வரை ஒருவர்கூட இருக்கையை விட்டு எழும்பவில்லை.

"டீச்சர் ஓர்கன்ல இருந்தா பொம்பிளை நாளைக்கு வந்தாலும் சனம் அசையாது" என்றார் போதகர் ஐயா, சாப்பாட்டுப் பந்தியில், எல்லாருக்கும் கேட்கும்படி.

நான் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள். ஊர் முழுக்க எனக்குப் பெயர் டீச்சர்தான். அந்தப் பாராட்டுக்குப் பிறகு டீச்சருக்குக் கால் நிலத்தில் படவில்லை. அன்றிலிருந்து ஆராதனையில் எங்கே ஒரு வெற்றிடம் தெரிந்தாலும் நான் நிரப்பினேன். போதகர் வேதாகமத்தில் பக்கம் தேடினால் வாசித்தேன். மைக் வேலை செய்யாவிட்டால் வாசித்தேன். யாராவது இருமினால்கூட வாசித்தேன் என்று என் தங்கை சொல்வாள், அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. ஆனால் அமைதி என்றால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது என்பது உண்மை. அமைதியாக இருந்தால் நான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்று நினைத்தேன்.

எங்கள் தேவாலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அப்பத்தையும் திராட்சரசத்தையும் கொடுப்பதற்கு முன்னால் போதகர் ஐயா மேசைக்கு முன்னே வந்து நிற்பார். "யாருக்காவது யார் பேரிலாவது மனவருத்தம் இருந்தா, இப்பவே போய்ச் சமாதானம் பண்ணிப்போட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சமாதான நேரம் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மாமியும் மருமகளும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பாடகர் குழுவில் முகம் முறித்த இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிறகு போதகர் எனக்குத் தலையசைப்பார். நான் மெதுவாக வாசிக்கத் தொடங்க, சனம் வரிசையாக முன்னே வரும்.

அந்த நாட்களில் சபையில் உண்மையாகவே ஒரு பகை இருந்தது. சாமுவேல் அண்ணனும் அவருடைய தம்பி தம்பிராஜாவும். மாவடிப்பள்ளிப் பக்கம் தகப்பன் விட்டுப்போன வயலை இரண்டாகப் பிரித்து, நடுவில் வரம்பு கட்டி ஆளுக்குப் பாதி செய்தார்கள். தம்பியுடையது மேல்பக்கம், அண்ணனுடையது கீழ்ப்பக்கம். தண்ணீருக்குத் தட்டுப்பாடான ஒரு போகத்தில், கதிர் வரும் தறுவாயில், தம்பியின் வயலில் கட்டி வைத்திருந்த தண்ணீர் விடிவதற்குள் வடிந்துபோனது. வரம்பில் ஒரு வெட்டு. தண்ணீர் முழுக்க அண்ணனின் வயலில் நின்றது. தம்பியின் வெள்ளாமை பதராகிப்போனது.

"நண்டு துளைச்சிருக்கும்" என்றார் சாமுவேல் அண்ணன். வயல் நண்டு வரம்பைத் துளைப்பது உண்மைதான். ஆனால் ஒரு முழ அகலத்துக்குத் துளைக்கிற நண்டை யாரும் கண்டதில்லை. தம்பிராஜா அன்றோடு அண்ணனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஞாயிறுகளில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். பெண்சாதிமார் மட்டும் வெளியே மரத்தடியில் நின்று, புருஷன்மார் காணாமல் கதைத்துக்கொள்வார்கள்.

அப்படியிருக்க ஒரு திருவிருந்து ஞாயிறு. போதகர் வழமைபோலச் சொல்லிவிட்டுக் காத்து நின்றார். ஓர்கனில் இருக்கும்போது என் முதுகு சபைக்கு. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க, முச்சக்கரவண்டியிலிருந்து கழற்றிய ஒரு சின்னக் கண்ணாடியை ஓர்கனில் பொருத்தியிருந்தேன். அதில் வலப்பக்கம் யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது. சட்டையைப் பார்த்து அது சாமுவேல் அண்ணன் என்று விளங்கியது. நடந்து நடுவுக்கு வந்தார். தம்பி இருந்த வரிசைக்கு நேரே நின்றார். தொண்டையைச் செருமினார்.

கோவிலில் ஒரு சத்தமும் இல்லை. ஐயோ, மனுஷன் இப்படி நடுவில் நிற்கிறாரே, எல்லாரும் பார்க்கிறார்களே, இந்தச் சங்கடத்தை யாராவது மூட வேண்டாமா என்று தோன்றியது. யாராவது என்றால் வேறு யார். போதகர் தலையசைக்கவில்லை. நானே தொடங்கினேன். அதுவும் மெதுவாக அல்ல. இரண்டு காலாலும் மிதித்து, நிறைந்த சத்தமாக.

கண்ணாடியில் பார்த்தேன். சாமுவேல் அண்ணனின் வாய் திறந்திருந்தது. பிறகு மூடியது. அவர் திரும்பினார், நடுவழியே நடந்து வாசலால் வெளியே போய்விட்டார். அவர் பெண்சாதி எழுவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி நின்றாள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிடும் என்பதால் நிறுத்தவும் பயம்.

ஆராதனை முடிந்ததும் தம்பிராஜா என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், அண்ணன் ஏதோ சொல்ல வந்தவர். உங்களுக்கு ஏதும் கேட்டதா?"

"இல்ல தம்பிராஜா."

"எனக்கும் கேக்கல்ல" என்றார். "மூண்டு வருசத்துக்குப் பிறகு முதல் தரம் என்னப் பாத்து வாயத் திறந்தவர்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஒரு மனுஷன் தன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தான், நான் அவன் வாயில் ஓர்கனைத் திணித்தேன். அப்படித்தான் எனக்குப் பட்டது. சாமுவேல் அண்ணன் அதற்குப் பிறகு கோவிலுக்கு வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் வாயெடுக்கும் போதெல்லாம் வயலுக்குப் போடும் பசளை விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். என்மேல் அவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஓர்கனின் துருத்தி கிழிந்தது. ஓர்கன் திருத்துகிறவர் எங்கள் கரையில் யாரும் இல்லை. கடைசியில் சாய்ந்தமருதில் வாகன இருக்கைகளுக்குக் குஷன் தைக்கும் ஒருவரை யாரோ கூட்டிவந்தார்கள். என்னைவிட மூத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்றே கூப்பிட்டேன், பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவர் ஓர்கனை முன்பின் கண்டதில்லை. ஆனாலும் பின்பலகையைக் கழற்றி, கிழிந்த துணியை அளந்து எடுத்துப்போய், மூன்று நாளில் மெல்லிய ரெக்சின் தைத்துக் கொண்டுவந்து ஒட்டினார். ஒட்டியதும் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, தரையில் படுத்துத் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். எழுந்து, உடுத்திருந்த சாரத்தைத் தட்டினார்.

"டீச்சர், கோவிச்சுக்காம ஒண்டு செல்லட்டா?"

"சொல்லுங்க காக்கா."

"துணி பழசுதான். ஆனாப் பழசால மட்டும் இப்பிடிக் கிழியாது. நீங்க இதுக்கு மூச்செடுக்க விடுறல்ல. எந்த நேரமும் ஊதிப்போயே இரிக்கி. இடைக்கிடை முழுசா இறங்கினாத்தானே மடிப்பு மடிப்பில போய் நிக்கும்."

"கால எடுத்தா சத்தம் நிண்டிரும் காக்கா."

"நிண்டா என்ன?"

முப்பது வருடம் வாசித்தவளிடம் குஷன் தைக்கிறவர் கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் ஊசிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எங்கட குர்ஆன் ஓதலுக்கும் நிப்பாட்டுற இடமெண்டு இரிக்கி டீச்சர். அதில நிக்காம ஓடினா சில இடத்தில கருத்தே மாறிப் போயிரும். சின்ன வயசில மதரசாவில எனக்கு விழுந்த அடியெல்லாம் அதுக்குத்தான்."

அவர் போன பிறகு தனியே இருந்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வரி வாசித்துவிட்டுக் காலை எடுத்தேன். துருத்தி மெதுவாக இறங்கி நின்றது. அடுத்த வரியைத் தொடங்குமுன் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அதுவரை யோசித்தா வாசித்தேன்? பயத்தில் வாசித்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே நிற்பது என்று பழகினேன். நீங்கள் கேட்ட பட்டியலுக்குப் பதிலாக நான் தரக்கூடியது இது ஒன்றுதான்.

மறுவருடம் தம்பிராஜாவுக்கு இருதயத்தில் வருத்தம் கண்டது. கொழும்புக்குப் போய் ஒப்பரேஷன் செய்ய நாள் குறித்தார்கள். போகுமுன் வந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. அவர் மெலிந்துபோய், ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். ஒப்பரேஷனில் தப்பினால்தான் அடுத்த திருவிருந்து என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

முதற்பாட்டு முடிகிற நேரம் சாமுவேல் அண்ணன் வந்தார். பின்வரிசையில் இருந்தார். நான் கண்ணாடியில் கண்டேன். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் எனக்கு ஏறவில்லை.

சமாதான நேரம் வந்தது. போதகர் ஐயா சொல்லிவிட்டு நின்றார். சாமுவேல் அண்ணன் எழுந்தார். பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை நடந்து வந்து தம்பிக்கு முன்னால் நின்றார். பழையபடி வாய் வரவில்லை. இந்தமுறை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரும்பி இருந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

போதகர் ஐயாவுக்கு என்ன பதற்றமோ, எனக்குத் தலையசைத்தார். நான் அசையவில்லை. மறுபடி அசைத்தார், இந்தமுறை கண்ணையும் உருட்டி. காலை மிதியில் வைத்தால் வாசிக்காவிட்டாலும் துருத்தி மூச்சுவிடும் சத்தம் கேட்கும். ஆகவே இரண்டு காலையும் மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். கையை மடியில் வைத்தேன். பாடகர் குழுவில் ஒரு பிள்ளை என்னைப் பார்த்தது, டீச்சருக்கு என்ன நடந்துவிட்டது என்று. மெயின் ரோட்டில் காரைதீவுப் பக்கம் போகும் பஸ் ஹோர்ன் அடித்தது. யாரோ ஒரு குழந்தை சிணுங்கித் தாயிடம் அடி வாங்கியது. நான் இருந்தேன். அந்த முக்கால் மணித்தியாலக் கலியாண வாசிப்பைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"வரம்ப நான்தான் வெட்டினனான்" என்றார் சாமுவேல் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "உன்ர தண்ணிய நான்தான் எடுத்தனான் தம்பி."

தம்பிராஜா நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் அண்ணன். நண்டுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதே."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும். சிரிக்கத் தொடங்கிய சாமுவேல் அண்ணன் அப்படியே அழுதார். தம்பிராஜா சால்வையை இழுத்து ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, பக்கத்தில் அண்ணனுக்கு இடம் விட்டார். அவர் இருந்தார். அப்போதுதான் காலை மிதியில் வைத்தேன். ஒரு வரி வாசித்தேன், நின்றேன். அடுத்த வரி வாசித்தேன். கண் மறைத்ததால் எந்தக் கட்டையில் விரல் வைத்தேன் என்றே எனக்குத் தெரியாது.

தம்பிராஜாவின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. போன போகமும் அவர் விதைத்தார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்றைக்கே ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், மரத்தடியில் நின்ற சாமுவேல் அண்ணனிடம் போனேன். ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை இனியும் வைத்திருக்க முடியவில்லை.

"சாமுவேல் அண்ணன், முந்தி ஒருக்கா நீங்க எழும்பி நிண்ட நேரம் நான் உங்களக் கதைக்க விடல்ல. நான் அண்டைக்கு ஓர்கன அடிக்காட்டி இது அப்பவே முடிஞ்சிருக்கும். என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் என்னை மரத்துக்கு மறுபக்கம் கூட்டிப்போனார்.

"டீச்சர், அண்டைக்கு நான் மன்னிப்புக் கேக்க எழும்பல்ல."

"பின்ன?"

"நான் வெட்டல்ல எண்டு சத்தியம் பண்ண எழும்பினனான். அந்த மேசைக்கு முன்னால, அப்பத்தையும் ரசத்தையும் சாட்சியா வச்சு. வீட்டிலயே நினைச்சுக்கொண்டு வந்தனான். சத்தியம் பண்ணினா ஊர் வாய் மூடிடும் எண்டு." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வாயத் திறந்தன், நீங்க ஓர்கன அடிச்சீங்க. எனக்கு ஈரக்குலை நடுங்கிட்டு. கடவுள்தான் நிப்பாட்டினார் எண்டு வெளிய ஓடினனான். அந்தச் சத்தியத்தப் பண்ணியிருந்தா இண்டைக்கு நான் எந்த முகத்தோட அவனுக்கு முன்னால வாறது?"

"இத ஏன் நீங்க எனக்கு முந்தியே சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று விளங்கியது. எப்படிச் சொல்வார்? அதைச் சொல்வதென்றால் முதலில் வரம்பை வெட்டியதைச் சொல்லவேண்டும். அந்த மனுஷன் ஏன் பசளை விலையைப் பற்றியே கதைத்தார் என்று இப்போது தெரிந்தது.

போதகர் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் கையைக் கூப்பி, "தேவன் உங்கட கையப் பாவிச்சிருக்கிறார் டீச்சர்" என்றார். இருக்கலாம். அவர் யார் கையையும் பாவிப்பார். ஆனால் அந்தக் கை என்னுடையது. அது அன்றைக்கு ஏன் கட்டையில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். சாமுவேல் அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று அறிந்து நான் வாசிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. அமைதிக்குப் பயந்து வாசித்தேன். அவர் மன்னிப்புக் கேட்கவே எழுந்திருந்தாலும் அதே சத்தத்தில்தான் வாசித்திருப்பேன்.

ஆகவே நீங்கள் யாராவது என்னிடம் வந்து, அன்றைக்கு நீங்கள் வாசித்தது சரிதானே டீச்சர் என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அது தப்பான வாசிப்பு. அந்தத் தப்பில் ஒரு மனுஷன் தப்பிவிட்டார். அதை நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.